நன்றிப் பூசைக்குப் பிறகும் வலித்தது

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் என் இதயம் துடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் ஆஞ்சியோகிராம் எடுத்து முடித்ததும் ஒரு சிடி கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சிடி போடும் பெட்டி எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. என் கணவர் பஜாரில் ஒரு கடைக்குப் போய் அதைப் பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்தார். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் டீ வருவதற்கு முன்பே டிவியில் அது ஓடும். கல்யாண வீடியோ காட்டுகிறவர்களுக்கு இருக்கும் அதே உற்சாகம் அவருக்கு.

சாம்பல் நிறத் திரையில் கறுப்பு மை போல ஒன்று பாயும். கிளை கிளையாகப் பிரியும். ஒரு கணம் இலையுதிர்ந்த மரம் மாதிரி நிற்கும். பிறகு நுனிகள் புகையாகக் கலைந்து காணாமல் போகும்.

"பாத்தீங்களா? எங்கயாவது அடைச்சிருக்கா? ட்ரங்க் ரோடு மாதிரி கிடக்கு," என்பார்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, ஏதோ தேர்த்திருவிழா பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பஹுத் சுந்தர் ஹை, தீதி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப அழகாக இருக்கிறதாம். இந்த வயதில் என்னில் ஒன்றை அழகு என்று ஒருவர் சொன்னதே பெரிய விஷயம். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே நெஞ்சின் நடுவில் அந்த அழுத்தம் மெல்ல எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அழுத்தம் தொடங்கியது பாம்பூஃப்ளாட்டில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. காலையில் பஸ்ஸில் சாத்தம் வந்து, ஃபெர்ரி ஏறி, துறைமுகத்தைக் கடந்து அக்கரையில் இறங்க வேண்டும். ஜெட்டியிலிருந்து பள்ளிக்கு ஒரு மேடு. பல வருடங்களாகப் பேசிக்கொண்டே ஏறிய மேடு அது. ஒரு நாள் பாதியில் யாரோ உள்ளங்கையை விரித்து என் நெஞ்சில் வைத்து, நில் என்று சொல்வதுபோல் இருந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பாரம். அது கழுத்து வழியாக ஏறி கீழ்த்தாடையில் வந்து உட்காரும். நின்றால் இறங்கிவிடும். நடந்தால் திரும்ப வரும்.

கேஸ் என்றார்கள். ஓமத் தண்ணீர் குடித்தேன். இஞ்சிச் சாறு குடித்தேன். சாப்பாட்டில் பருப்பை நிறுத்தினேன்.

அந்தப் பாரம் மேடு ஏறாமலும் வரும். என் மகள் போனை எடுக்காதபோது வரும். அவள் ஹேவ்லாக் தீவில் டைவிங் கற்றுக்கொடுக்கிறாள். சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாக மேலே கொண்டுவருவது அவள் வேலை. நான் கணக்கு டீச்சர். என் கடற்கரைச் சொந்தங்களில் ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பெண்கள் கரையில் ஜெபமாலை சொன்னார்கள். என் வீட்டில் மட்டும் பெண் கடலுக்குள் போகிறாள், அவள் அப்பா கரையில் உட்கார்ந்து படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறார், ஜெபமாலை மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் எடுத்த படங்களை அவள் அனுப்புவாள். ஒரு படத்தில் அவள் முகம் நீலமாக இருந்தது. உதடும் நீலம். எனக்கு உயிரே போய்விட்டது.

"அரே அம்மா, லைட் இல்லாம எடுத்தா அப்படித்தான் வரும். ஆழத்துல சிவப்பே தெரியாது. நான் செவசெவன்னு நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

"அப்ப லைட் போட்டு எடு."

"உனக்காகவா?"

"எனக்காகத்தான்."

ஆகவே நான் பயந்த சுபாவம் உடையவள் என்பது ஊரறிந்த விஷயம். போர்ட் பிளேரில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தது. நடைப்பட்டையில் ஏற்றி ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் சோதனையில்தான் ஏதோ கோடு கீழே இறங்கியது. சந்தேகம் எதற்கு, மெயின்லேண்ட் போய் ஆஞ்சியோகிராம் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மெயின்லேண்ட் என்ற சொல்லுக்கு இங்கே தனி எடை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது புரிவதில்லை. மருந்துக் கடையில் சொல்வது ஒரு அபிப்பிராயம். இங்கே ஆஸ்பத்திரியில் சொல்வது இன்னும் கொஞ்சம் பெரிய அபிப்பிராயம். மெயின்லேண்டில் சொல்லிவிட்டால் அது சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, சொந்தக்காரர் வீட்டு ஹாலில் படுத்து, கடல் தாண்டிப் போய் வாங்கி வந்த பதிலை யார் சந்தேகப்படுவார்கள்?

சென்னையில் மணிக்கட்டு வழியாகக் கம்பியை அனுப்பிப் படம் எடுத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தலையைக் கொஞ்சம் திருப்பினால் திரை தெரிந்தது. என் இதயத்தின் மேல் ஓடும் குழாய்களை நானே பார்த்தேன். அவை நுனியில் மங்கிப் போவதையும் பார்த்தேன். இதயம் அங்கே முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் நல்லவர். பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, எங்கயும் அடைப்பு இல்ல. டிரெட்மில்ல சில சமயம் இப்படித் தப்பா காட்டும், லேடீஸுக்குக் கொஞ்சம் அதிகமாவே காட்டும். வலி இருந்துச்சுன்னா உங்க ஊர் டாக்டரைத் திரும்பப் பாருங்க. டென்ஷனக் கொறச்சுக்கோங்க," என்றார். அதில் திரும்பப் பாருங்க என்ற வாக்கியம் எங்கள் காதில் விழவே இல்லை. முதல் வாக்கியத்தை என் கணவர் எடுத்துக்கொண்டார். கடைசி வாக்கியத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று எல்லாருக்கும் போன் போட்டார். மகளிடம் பேசும்போது அவர் குரல் உடைந்தது. அன்றைக்கு மாலையே அவர் நேர்ந்துகொண்டார்: ஊருக்குப் போனதும் நன்றிப் பூசை.

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் குடும்பத்தின் நன்றிக் கருத்தை வாசித்தார்கள். இதய நோய் இல்லை என்று தெரியவந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் லட்டு கொடுத்தோம். ஒவ்வொருவரும் லட்டை வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லியே டீச்சர், சந்தோஷம்," என்றார்கள். நான் ஒவ்வொருவரிடமும், "ஆமா, ஒண்ணும் இல்ல," என்றேன். கோயில் படிகளில் ஏறி இறங்கியதில் தாடையில் அந்தப் பாரம் உட்கார்ந்திருந்தது.

லட்டு கொடுத்த பிறகு என்ன சொல்ல முடியும்? கடவுளுக்கு ஊர் கூட்டி நன்றி சொல்லியாயிற்று. இப்போது வலிக்கிறது என்றால், ஒன்று மெயின்லேண்ட் பொய், இல்லை நான் பொய். படம் டிவியில் ஓடுகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். ஆகவே நான்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஒளித்துவைக்கிற வேலை. சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி சங்கு ஊதினால் எல்லாரும் ஓடுவார்கள். பைக்குக்கும் ஜீப்புக்கும் நடுவில் புகுந்து, ஏறுபலகையான ரேம்பைத் தூக்குவதற்குள் ஏறிவிட வேண்டும். நானும் முன்பு ஓடியவள்தான். இப்போது கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்று ஃபெர்ரியைப் போகவிடுவேன். பாம்பூஃப்ளாட் மேட்டில் நின்று நின்று ஏறுவதற்கு எனக்கென்று சில இடங்கள் இருந்தன. ஒரு பாதாம் மரம், ஒரு போஸ்டர் ஒட்டிய சுவர், ஒரு கோழிக்கூண்டு. அந்தக் கோழிகளை இந்தத் தீவில் என்னைவிட அக்கறையாகப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு அந்தக் காலை.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. முந்தின நாள் இரவிலிருந்து காற்று. மகள் காலையில் படகில் கிளம்புவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு போன் போகவில்லை. சாத்தத்தில் ஃபெர்ரி ஏறியதும் மறுபடி அடித்தேன். போகவில்லை. என் பக்கத்தில் எங்கள் பள்ளி ஹிந்தி டீச்சர். பல வருடங்களாக என்னோடு ஃபெர்ரியில் வருகிறவள், வேர்க்கடலை இல்லாமல் கடல் தாண்டாதவள். நடுத் துறைமுகத்தில் அந்தக் கை என் நெஞ்சில் வந்து விழுந்தது. இந்த முறை எடுக்கவே இல்லை. லைஃப் ஜாக்கெட் வைக்கிற பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். வியர்த்தது.

"தபியத் டீக் ஹை, தீதி?" உடம்பு சரியா என்று அவள் குனிந்து பார்த்தாள்.

ராத்திரி தூக்கமில்லை என்றேன். நீ முன்னால் போ, அட்டெண்டன்ஸ் போட வேண்டுமே, நான் மெதுவாக வருகிறேன் என்றேன். அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள்.

பாம்பூஃப்ளாட் வந்தது. ரேம்ப் இறங்கியது, வண்டிகள் உறுமிக்கொண்டு வெளியேறின, ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஃபெர்ரி ஊழியர் ஒருவர், "மேடம், உதர்னா நஹி?" என்று கேட்டார். இறங்கவில்லையா என்று. எதையோ மறந்துவிட்டேன், திரும்பிப் போகணும் என்று சொன்னேன். ஃபெர்ரி என்னைச் சுமந்துகொண்டு சாத்தத்துக்குத் திரும்பியது. அங்கேயும் நான் இறங்கவில்லை. மறுபடி புதிய ஆட்கள், புதிய பைக்குகள், மறுபடி பாம்பூஃப்ளாட் நோக்கி. அங்கும் இங்குமாகத் துறைமுகத்தில் நான் போய் வந்துகொண்டிருந்தேன். கண்ணெதிரே ஜெட்டி வருவதும் போவதுமாக இருந்தது. செத்துப்போனால் எந்தக் கரையில் இறக்குவார்கள் என்றுகூட யோசித்தேன். என் மகளின் நீல முகம் மட்டும் கண்ணில் நின்றது.

போன் அடித்தது.

"அம்மா! எவ்ளோ மிஸ்டு கால்! நாங்க கீழ இருந்தோம். இன்னிக்கு ஆமை பாத்தோம் தெரியுமா, ரெண்டு ஆமை..."

அவள் பேசப் பேச, அந்தக் கை ஒவ்வொரு விரலாக எடுக்கப்படுவதுபோல் பாரம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றேன். மேட்டில் வழக்கத்தைவிட அதிகமாக நின்று, ஏறி, ஃபெர்ரியைத் தவறவிட்டேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய் சதவீதம் நடத்தினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. மகள் குரல் கேட்டதும் வலி போய்விட்டது. அப்படியென்றால் இது மனசுதானே? இதயமாக இருந்தால் ஆமைக் கதை கேட்டா சரியாகும்? சென்னை டாக்டர் சொன்னதும், படம் சொன்னதும், ஊர் சொன்னதும் எல்லாம் சரி. கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தது.

மழை தொடங்கியது. மழைக்காலத்தில் டைவிங் கிடையாது. மகள் வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள், தான் படித்த பள்ளியைப் பார்த்து நாளாகிவிட்டது என்று என்னோடு ஃபெர்ரியில் கிளம்பி வந்தாள். பாம்பூஃப்ளாட் மேட்டில் பேசிக்கொண்டே நடந்தோம். பாதாம் மரம் வந்தது.

"பாரு மக்கா, எப்படிக் காய்ச்சிருக்கு," என்று நின்றேன்.

அண்ணாந்து பார்த்தாள். அது காய்க்கிற காலம் இல்லை. போஸ்டர் சுவரில் நின்றேன். அதையும் பார்த்தாள். கோழிக்கூண்டு வருவதற்கு முன்பே எனக்குத் தேவைப்பட்டது. குனிந்து, "செருப்பு வாரு அந்துபோச்சு போல," என்றேன்.

"அம்மா, அது ரப்பர் செருப்பு. அதுல வாரு அறுந்தா கால்லயே நிக்காது."

நான் நிமிரவில்லை.

"நிமிந்து நில்லு. என்னப் பாரு. வலிக்கா?"

"சே சே, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அம்மா, நான் ஆளுங்க மூச்சு விடுறதப் பாத்துத்தான் சம்பளம் வாங்குதேன். தண்ணிக்குள்ள யாரும் வாயத் தொறந்து சொல்ல முடியாது. தோளு, கண்ணு, கை, இதப் பாத்துத்தான் கண்டுபிடிப்போம். ஓகேவான்னு கேட்டா எல்லாரும் ஓகேன்னு விரலக் காட்டுவாங்க. பயந்து சாவப்போறவன்தான் முதல்ல காட்டுவான். நீ இப்ப காட்டுன பாரு, அந்த மாதிரி."

"படத்துல ஒண்ணும் இல்லன்னு..."

"படத்தக் கேக்கல. உன்னக் கேக்குதேன். வலிக்கா, இல்லியா?"

யாரும் என்னிடம் அந்தக் கேள்வியை அதுவரை கேட்கவில்லை. எல்லாரும் படத்தைத்தான் கேட்டார்கள். நானும் படத்தைத்தான் கேட்டேன். கோழிக்கூண்டுக்குக் கொஞ்சம் கீழே, சாரல் மழையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் குட் மார்னிங் மிஸ் சொல்லிக்கொண்டு கடந்துபோக, நான் நின்று அழுதேன். "வலிக்கி மக்கா. எப்பவும் வலிச்சுக்கிட்டேதான் இருக்கு."

"எப்பருந்து?"

"லட்டு குடுத்த அன்னிக்கும் வலிச்சுது."

அவள் குடையை என் பக்கம் சாய்த்தாள். "அட என் அம்மா," என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே போர்ட் பிளேரில் ஓர் இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். கேரளத்துப் பெண்மணி. நாங்கள் சிடியை மேசையில் வைத்தோம். அவர் அதை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, முதலில் என்னைச் சொல்லச் சொன்னார். எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, நின்றால் என்ன ஆகிறது, மழையில் நனைந்தால் கூடுகிறதா, கோபம் வந்தால்? ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து பதில் வாங்கினார். ஃபெர்ரிக் கதையைச் சொன்னபோது என் மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் சிடியைப் போட்டுப் பார்த்தார். அதே மரம், அதே புகை.

"நல்ல படம், டீச்சரே. அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பெரிய குழாய்ல அடைப்பு இல்ல."

"அப்ப எனக்கு மனசுதான்..."

"இருங்க." கறுப்பு மை கலைந்துபோகும் இடத்தில் படத்தை நிறுத்தி, பேனாவால் தொட்டார். "இவிடே என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. அங்க முடிஞ்சிருது."

"முடியல. அதுக்கப்புறமும் ரத்தக் குழாய் இருக்கு. இதயத்துக்குள்ள முழுக்க அதுதான் பரவியிருக்கு. முடியைவிட மெலிசா இருக்கும். இந்தப் படத்துல அது தெரியாது. படத்தோட தப்பு இல்ல, அதோட கண்ணு அவ்வளவுதான். பெரிய குழாய் நல்லா இருந்தும் சின்னது தேவைக்கு விரியாம இருந்தா, நீங்க மேடு ஏறும்போது ரத்தம் பத்தாது. அப்ப இப்படி வலிக்கும். உங்க டிரெட்மில்லும் அதைத்தான் சொல்லியிருக்கும்னு எனக்குத் தோணுது."

நான் கேட்க நினைத்ததை என் வாய் கேட்டுவிட்டது. "மகள் பேசினதும் சரியாயிட்டே டாக்டர்? அப்ப டென்ஷன்தானே?"

"டென்ஷனும் உண்டு. பயந்தா அந்தச் சின்னக் குழாய்கள் சுருங்கும், பயம் போனா தளரும். மனசுலன்னா இதயத்துல இல்லன்னு யார் சொன்னது? ரெண்டும் ஒரே வீட்டுலதான் இருக்கு."

இன்னொன்றும் சொன்னார். அதை நான் மறக்கக் கூடாது என்று மனதில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தப் படம் குழாயின் உள்ளே ரத்தம் ஓடும் வழியைத்தான் காட்டும், குழாயின் சுவரைக் காட்டாது. சுவருக்குள் கொழுப்பு படிந்து வழியை இன்னும் அடைக்காமல் இருந்தால் அதுவும் இதில் தெரியாமல் போகலாம். ஆகவே படம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிரஷரையும் சர்க்கரையையும் கொழுப்பையும் விட்டுவிடக் கூடாது. சின்னக் குழாய்களின் ரத்த ஓட்டத்தை அளந்து பார்க்கும் சோதனைகள் மெயின்லேண்டில் சில இடங்களில் உண்டு. முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், குறையவில்லை என்றால் போகலாம் என்றார். இனி ஒன்றும் வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நான் கேட்கிற ஆள்.

"அதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, டீச்சரே. நின்னும் குறையாத வலி வந்தா, அன்னிக்கு மாதிரி ஃபெர்ரியில போய்ட்டு வந்துட்டு இருக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரி. அது மட்டும் எனக்கு வாக்குக் கொடுங்க."

கொடுத்தேன்.

வீட்டில் என் கணவரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஜங்லிகாட்டுப் படகுத்துறையிலிருந்து கையில் கிரீஸ் கறையோடு வந்து, மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தார். மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஏட்டி, இத்தன மாசமும் வலிச்சுதா?"

"ஆமா."

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லல?"

"நீங்கதான் டிவில போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தியளே. ட்ரங்க் ரோடுன்னு."

அவர் முகம் வாடிவிட்டது. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சோற்றைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோல், "ஃப்யூவல் லைன் பூரா க்ளீன். உள்ள கார்பரேட்டர் ஜெட்டுல, அந்தச் சின்ன ஓட்டயில பிரச்சின. வண்டி ஐடிலிங்ல நல்லா நிக்கும், லோடு குடுத்தா திணறும். இத நான் தினம் பாக்குதேனே. பாத்துக்கிட்டேதான இருக்கேன்," என்றார்.

"அப்பா, டாக்டர் அப்படிச் சொல்லல. அது விரிஞ்சு சுருங்குற குழாய். உங்க கார்பரேட்டர் மாதிரி கழட்டிக் கழுவ முடியாது."

"கழட்டுவேன்னு நான் சொன்னேனா? வெளங்குதுன்னு சொல்லுதேன்." பிறகு ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு நிறுத்தினார். அவருக்கு உண்மையான கவலை அப்போதுதான் வந்தது. "அப்ப அந்தப் பூசை?"



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். நான் தூணுக்குப் பக்கத்தில். தப்பான விஷயத்துக்கு நன்றி சொல்லிவிட்டோம், ஏதாவது பரிகாரம் உண்டா என்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னார். சாமியார் முழுவதும் கேட்டார்.

"பெரிய குழாயில அடைப்பு இல்லன்னுதான நன்றி சொன்னீங்க?"

"ஆமா ஃபாதர்."

"இப்ப அடைப்பு இருக்கா?"

"இல்ல ஃபாதர். அது இல்ல."

"அப்ப அந்த நன்றி சரியாத்தான் இருக்கு. மிச்சத்துக்கு டாக்டரப் பாருங்க." கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி, "டீச்சர், அடுத்த தடவ வலிச்சா லட்டு கையில இருந்தாலும் சொல்லணும்," என்றார்.

ரத்தக் குழாயைத் தளர்த்த ஒரு மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்த ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. முதல் சில வாரங்கள் தலை சுற்றியது, கால் கொஞ்சம் வீங்கியது. டாக்டர் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். மெல்ல மெல்ல, நானே கவனிக்காமல், ஒரு நாள் போஸ்டர் சுவரை நிற்காமலே தாண்டியிருந்தேன். அதில் என்ன படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள் என்று இப்போது எனக்குத் தெரியாது. பாதாம் மரத்தடியில் மட்டும் சில நாள் நிற்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த மழை நாளில் கோழிகளையும் பார்க்க வேண்டிவரும்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மகள் கடலுக்குள் இருக்கும் நேரங்களில் இன்னும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தண்ணீரிலிருந்து மேலே வந்ததும் அவள் ஒரே ஒரு எழுத்து அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பதிலுக்கு அவள் ஒன்று வாங்கிக்கொண்டாள். காலையில் மேடு ஏறி முடித்ததும் நான் அவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 'நிக்கல' என்றோ 'மரத்துக்கிட்ட நின்னேன்' என்றோ. ஓகே என்று அனுப்பக் கூடாது. ஓகே என்றால் நம்ப மாட்டாளாம்.

என் கணவர் அந்தப் படத்தை இன்னும் விடவில்லை. போன மாதம் ஷாதிபூரிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் வந்திருந்தார். டிவியில் மறுபடி என் இதயம் ஓடியது. நான் அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். "பாத்தியா, ட்ரங்க் ரோடு மாதிரி," என்று அவர் தொடங்கியது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் படம் புகையாகும் இடத்தில் அவர் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார்.

"இங்கன பாரு. இதுக்கு அப்புறம்தான் இவளுக்குப் பிரச்சின. இதுல தெரியாது. அவளத்தான் கேக்கணும்." பிறகு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏட்டி, இன்னிக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை சாத்தத்தில் பஸ் இறங்கும்போதே சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். ஹிந்தி டீச்சரும் பழக்கத்தில் இரண்டடி ஓடிவிட்டுத் திரும்பினாள். நான் கைப்பையைத் திறக்கவில்லை. "சீனே மே தபாவ்," என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். நெஞ்சில் அழுத்துகிறது, ஓட மாட்டேன், நீ போ.

"அரே, ஜானே தோ," என்றாள். போகட்டும் விடு. ரேம்ப் தூக்கிய ஃபெர்ரி பாம்பூஃப்ளாட் பக்கம் திரும்பியது. அவள் ஜெட்டி பெஞ்சில் எனக்கு இடம் தட்டிக் கொடுத்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதி தீர்வதற்குள் அழுத்தம் இறங்கிவிட்டது. அதையும் அவளிடம் சொன்னேன்.